ஐம்பதில் வளையுமா? பியானோவும் பென்ஷனும் சந்தித்த கதை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் ஊரில் கேட்பார்கள். பார்க்கக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் 'வளையாது' என்ற பதிலை முடிவு செய்துகொண்டு கேட்கப்படும் கேள்வி அது. பியானோ விஷயத்தில் ஐரோப்பியர்களும் ரொம்ப காலம் இதையேதான் நம்பினார்கள். சிறு வயதிலேயே விரலைப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆசையை விட்டுவிட வேண்டும்.

இன்று நிலைமை வேறு. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று பல இடங்களில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அறுபது, எழுபது வயதில் முதல் முறையாக பியானோ முன் உட்காருகிறார்கள். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக 'மூளைக்கு நல்லது' என்று ஆரம்பிப்பார்கள். அதற்கும் வருவோம். ஆனால் எனக்கு சுவாரஸ்யமாகப் பட்டது இதன் வரலாறு. ஓய்வு பெற்ற ஒருவர் பியானோ கற்க வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் முதலில் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று பியானோ. இன்னொன்று 'ஓய்வு'. இரண்டும் தனித்தனியாகப் பிறந்து, வெகு காலம் ஒன்றை ஒன்று பார்க்காமலே வளர்ந்தவை.

சிறுவர்கள் சிரித்த வகுப்பு

பியானோ வருவதற்கு இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே இந்தக் கதைக்கு ஒரு முன்னோட்டம் இருக்கிறது. அதன் நாயகன் சாக்ரடீஸ். பிளேட்டோ எழுதிய 'யூதிடெமஸ்' என்ற உரையாடலில் அவரே இதைச் சொல்கிறார். வயதான காலத்தில் அவர் கொன்னஸ் என்ற ஆசிரியரிடம் யாழ் போன்ற ஒரு தந்தி வாத்தியம் கற்றுக்கொள்ளப் போகிறார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் பொடியன்கள். அவர்கள் சாக்ரடீஸைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதோடு விடாமல் ஆசிரியருக்கும் 'கிழவர்களின் வாத்தியார்' என்று பட்டப்பெயர் வைத்துவிடுகிறார்கள்! தன்னால் ஆசிரியரின் பெயர் கெடுகிறதே என்பதுதான் சாக்ரடீஸின் கவலை.

ரோமானிய எழுத்தாளர் சிசரோ கி.மு. 44-இல் முதுமை பற்றி எழுதிய நூலில் இந்தக் கதை மறுபடி வருகிறது. அதில் பேசுகிற கேட்டோவுக்கு வயது 84. வயதான பிறகுதான் கிரேக்க மொழி படித்தேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, சாக்ரடீஸ் போல வாத்தியமும் கற்க ஆசைதான் என்கிறார்.

கவனியுங்கள். வயதானவரால் முடியாது என்று இந்த இரண்டு இடத்திலும் யாரும் சொல்லவில்லை. பிரச்சினை சிரிப்புதான். இந்தச் சிரிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மெதுவாகவும் சத்தமாகவும்

பியானோவைச் செய்தவர் பார்த்தொலொமேயோ கிறிஸ்டோஃபோரி. இத்தாலியில் படுவா நகரில் 1655-இல் பிறந்தவர். ஃப்ளாரன்ஸில் மெடிச்சி குடும்பத்து இளவரசர் ஃபெர்டினாண்டோவிடம் வாத்தியங்களைச் செய்து பராமரிக்கும் வேலை பார்த்தார். 1700-இல் எடுக்கப்பட்ட அரண்மனைப் பொருட்களின் பட்டியலில் இந்தப் புது வாத்தியம் இடம்பெற்றிருக்கிறது.

அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் சிறு முள் ஒன்று தந்தியை மீட்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு சத்தம்தான். கிறிஸ்டோஃபோரி முள்ளுக்குப் பதில் சுத்தியல் வைத்தார். கட்டையை அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப சுத்தியல் தந்தியை அடிக்கும். அடித்த உடனே விலகி விழுந்துவிடும், இல்லாவிட்டால் தந்தி அதிராது. இந்த 'அடித்துவிட்டு விலகும்' ஏற்பாடுதான் பியானோவின் உயிர். மெதுவாகவும் (பியானோ) சத்தமாகவும் (ஃபோர்ட்டே) வாசிக்க முடிந்ததால் அந்தப் பெயர் வந்தது. அவர் செய்தவற்றில் மூன்று இன்றும் இருக்கின்றன. 1720-ஆம் ஆண்டு பியானோ நியூயார்க்கிலும், 1722-இல் செய்தது ரோமிலும், 1726-இல் செய்தது லைப்சிக்கிலும் உள்ளன.

வேடிக்கை என்னவென்றால், ஆரம்ப காலத்தில் பியானோவுக்கு வந்த பெரிய மனிதர்கள் பலர் வயதான பிறகே வந்தார்கள். வேறு வழியில்லை, அவர்களது இளமையில் அந்த வாத்தியமே பரவியிருக்கவில்லை. ஜொஹான் செபாஸ்டியன் பாக் 1747-இல் பாட்ஸ்டாம் அரண்மனைக்குப் போய், பிரெடரிக் அரசர் முன்னால் சில்பர்மான் செய்த பியானோக்களில் வாசித்தபோது அவருக்கு 62 வயது. ஹைடன் 1788-இல் வியன்னாவின் ஷான்ட்ஸிடம் ஒரு பியானோ வாங்கியபோது அவருக்கு 56.

அவர்கள் மேதைகள், வேறு கட்டை வாத்தியங்களில் ஊறியவர்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் 'பியானோ என்றால் சிறு வயதில் தொடங்க வேண்டியது' என்பது வாத்தியத்தோடு கூடப் பிறந்த விதி அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எப்படி?

கூடத்துப் பியானோவும் கல்யாணச் சந்தையும்

லண்டனில் ஜொஹான்னஸ் சும்பே என்ற ஜெர்மானியர் 1766 வாக்கில் சிறிய செவ்வக வடிவப் பியானோக்களைச் செய்து விற்க ஆரம்பித்தார். பெரிய ஹார்ப்சிகார்டை விட விலை மிகக் குறைவு, இடமும் அடைக்காது. நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்குள் பியானோ நுழைந்தது இப்படித்தான். நுழைந்த உடனே அதற்கு ஒரு வேலையும் கொடுக்கப்பட்டது. பெண்ணுக்குப் பியானோ தெரியும் என்றால் நல்ல இடத்தில் சம்பந்தம் அமையும். நம் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு பாடுவாளா?" என்று கேட்ட காலத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

ஜேன் ஆஸ்டினின் நாவல்களில் இந்த உலகத்தைப் பார்க்கலாம். 1813-இல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் லேடி கேத்தரின் என்ற பணக்கார அம்மாள் வருகிறார். தான் மட்டும் கற்றுக்கொண்டிருந்தால் பெரிய வித்தகியாக ஆகியிருப்பேன் என்று அலட்டிக்கொள்வார். எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு! அந்த நாவலின் கேலியைத் தாண்டி இன்னொன்றும் இருக்கிறது. பியானோவும் பணமும் நேரமும் உள்ள அந்த அம்மாளுக்கு, இப்போது கற்றுக்கொள்ளலாமே என்று தோன்றவே இல்லை. அந்த வாய்ப்பு அவர் காலத்துக் கற்பனையிலேயே இல்லை.

பாடப் புத்தகங்களும் அப்படியே. பீத்தோவனின் மாணவரும் லிஸ்டின் ஆசிரியருமான கார்ல் செர்னி, 1840-ஐ ஒட்டி பியானோ கற்பது எப்படி என்று கடித வடிவில் ஒரு நூல் எழுதினார். கடிதங்கள் யாருக்கு? சுமார் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு. 1814-இல் லோகியர் என்பவர் கையை ஒரே நிலையில் பிடித்து வைக்க மரச்சட்டம் போன்ற ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1873-இல் ஹனோன் 60 பயிற்சிகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். விரல்களை இயந்திரம் போல ஓடவைப்பதற்காகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பயிற்சிகள் அவை, இன்றும் புழக்கத்தில் உள்ளன. இளம் விரலை வளைத்து, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கொண்டுவந்து, மேடைக்கோ வரவேற்பறைக்கோ அனுப்புவது என்பதுதான் திட்டம். அந்தத் திட்டத்தில் அறுபது வயது விரலுக்கு என்ன இடம் இருக்க முடியும்?

நானெர்ல்

இதற்கு மறுபக்கமும் உண்டு. கற்றுக்கொண்டவர்களை என்ன செய்தார்கள்?

மரியா அன்னா மொஸார்ட், வீட்டில் 'நானெர்ல்', 1751-இல் பிறந்தவர். புகழ்பெற்ற மொஸார்ட்டின் அக்கா. தம்பியோடு சேர்ந்து ஐரோப்பா முழுவதும் சுற்றி வாசித்த குழந்தை மேதை. 1769-இல் அப்பாவும் தம்பியும் இத்தாலிக்குக் கிளம்பினார்கள். நானெர்லுக்கு அப்போது 18, கல்யாண வயது. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அதோடு பயணமும் மேடையும் முடிந்தன. 1784-இல், மனைவியை இழந்த, ஐந்து குழந்தைகள் உள்ள ஓர் அதிகாரிக்கு மணமுடிக்கப்பட்டு ஏரிக்கரைச் சிற்றூரான சங்க்ட் கில்கனுக்குப் போனார்.

கணவர் 1801-இல் இறந்தார். நானெர்ல் சால்ஸ்பர்க் திரும்பி பியானோ ஆசிரியராக வாழ்ந்தார். வயது ஐம்பது. 1825-இல் கண் பார்வை போனது. 1829-இல், 78 வயதில் இறந்தார்.

இன்று ஓய்வுக்குப் பிறகு பியானோ கற்க வருபவர்களில் கணிசமானோர் 'புதிதாகக் கற்பவர்கள்' அல்ல, 'விட்டுப் போய்த் திரும்பியவர்கள்'. கல்யாணத்தோடு விட்டவர்கள், பிள்ளை பிறந்ததும் விட்டவர்கள், பரீட்சைக்காக விட்டவர்கள். அவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று நானெர்லைச் சொன்னால் மிகையாகாது.

1889: ஒரே வருடத்தில் இரண்டு விஷயங்கள்

இனி 'ஓய்வு' பக்கம் வருவோம்.

வேலை செய்து அலுத்த ஒரு சாதாரண மனிதனுக்கு, கடைசிக் காலத்தில் வேலை செய்யாமலே பணம் கிடைக்கும் என்ற எண்ணம் மிகவும் புதியது. ராணுவத்தினர், அரசு அதிகாரிகள் போன்ற சிலருக்குத்தான் பென்ஷன் இருந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-இல் தொழிலாளர்களுக்கான முதியோர் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தகுதி வயது 70. அந்தக் காலத் தொழிலாளர்களில் எழுபதைத் தொட்டவர்கள் குறைவு. 1916-இல்தான் அது 65 ஆகக் குறைக்கப்பட்டது.

அதே 1889-இல் லண்டனில் இரண்டு பெரிய இசைக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு தேர்வு வாரியத்தை ஏற்படுத்தின. ஏபிஆர்எஸ்எம் என்று இன்று உலகம் முழுக்க அறியப்படும் வாரியம் அதுதான். நம் ஊரில் பிள்ளைகள் "பியானோ கிரேடு" எழுதுவதாகச் சொல்கிறார்களே, அதை நடத்தும் அமைப்புகளில் ஒன்று. ஒரே வருடத்தில் முதியவர்களுக்குப் பென்ஷனும் பிள்ளைகளுக்குப் பியானோ பரீட்சையும் பிறந்தன. இரண்டுக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொரு தற்செயல் 1909. பிரிட்டனில் 1909 ஜனவரி 1 முதல் எழுபது வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை பென்ஷன் கிடைக்கத் தொடங்கியது. அமெரிக்கப் பியானோ உற்பத்தி உச்சத்தைத் தொட்டதும் அதே ஆண்டில்தான். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஏறத்தாழ 3,64,000 பியானோக்கள்! தவணை முறையில் தொழிலாளர் வீடுகளுக்குக்கூடப் பியானோ போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் 5 ஷில்லிங்கில் ஒருவர் பியானோ ஆசிரியர் வைத்துக்கொள்ள முடியாது, அரிசி பருப்புக்கே (அவர்களுக்கு ரொட்டி, டீ) அது போதாது. வீட்டில் பியானோ இருக்கிறது, தாத்தா கையில் கொஞ்சம் பென்ஷனும் இருக்கிறது. இருந்தும் இரண்டும் சந்திக்கவில்லை.

சந்திப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மூன்று மாற்றங்கள் நடந்தன.

முதலாவது, ஆயுள் கூடியது. ஓய்வு என்பது சாவுக்கு முந்தைய சில மாதங்களாக இருந்தது போய், இருபது, இருபத்தைந்து வருட வாழ்க்கை ஆனது. அந்தக் காலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1973-இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் ஒரு பதில் கிடைத்தது. 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் பேராசிரியர் பியர் வெல்லாஸ் ஒரு திட்டம் தொடங்கினார். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அங்கே பட்டம் இல்லை, பரீட்சை இல்லை. ஓய்வு பெற்றவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் ராய் எர்ன்ஸ்ட் 1991-இல் ஐம்பது வயது கடந்தவர்களுக்கென்றே ஒரு வாத்தியக் குழுவைத் தொடங்கினார். வாத்தியமே தொட்டிராதவர்களும் அதில் சேரலாம்.

இரண்டாவது, பாடப் புத்தகம் மாறியது. குழந்தைகள் புத்தகத்தில் முயல் படமும் 'குட்டி வாத்து' பாட்டும் இருக்கும். அறுபது வயது ஆள் அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்காருவார்? அவர் ஐம்பது வருடமாக இசை கேட்டவர். காது பழுத்துவிட்டது, விரல்தான் பிஞ்சு. இதைப் புரிந்துகொண்டு பெரியவர்களுக்கென்றே புத்தகங்கள் வந்தன. 1983-இல் வெளிவந்த ஆல்ஃப்ரெட் நிறுவனத்தின் பாடநூல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஹெட்ஃபோன். யமஹா நிறுவனத்தின் கிளாவினோவா மின்பியானோவும் 1983-இல் வந்ததுதான். கட்டையை அழுத்தினால் சத்தம் உங்கள் காதுக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கமாட்டார், மருமகள் கேட்கமாட்டார், பேரன் கேட்கமாட்டான். சாக்ரடீஸ் வகுப்பில் பொடியன்கள் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? இரண்டாயிரத்து நானூறு வருடங்கள் கழித்து அதற்கு ஒரு வழி பிறந்தது! ஒரே வரியை நாற்பது தடவை தப்பாக வாசிக்கும் சுதந்திரம் குழந்தைகளுக்கு எப்போதும் உண்டு. பெரியவர்களுக்கு அதைக் கொடுத்தது இந்தச் சின்ன ஒயர்தான்.

பின்னர் இணையக் காணொளிகள் வந்தன. ஜப்பானின் சாகா பகுதியில் கடற்பாசி அறுவடை செய்யும் ஒரு மீனவர், 52 வயதில், தொலைக்காட்சியில் ஃபுஜிகோ ஹெம்மிங் வாசித்த லிஸ்டின் 'லா கம்பனெல்லா'வைக் கேட்டு அதை வாசிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. தேர்ந்த கலைஞர்களே அஞ்சும் துண்டு அது. எந்தக் கட்டையை அழுத்த வேண்டும் என்று காட்டும் காணொளியைப் பார்த்து ஒவ்வொரு சுரமாகப் பழகி, பல வருடங்களில் வாசித்தும் காட்டினார். 2025-இல் இது ஜப்பானில் திரைப்படமாகவும் வந்தது. அவர் ஓய்வு பெற்றவர் அல்ல, கடலுக்குப் போய் வந்த கையோடு பழகியவர். ஆனால் ஐம்பதில் வளையுமா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் இருக்க முடியாது.

மூளை என்ன சொல்கிறது?

சரி, மருத்துவப் பக்கம். அமெரிக்காவில் ஜெனிஃபர் புகோஸ் தலைமையிலான குழு 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 60 முதல் 85 வயது வரையான 31 பேர். ஒரு குழுவுக்கு ஆறு மாதம் பியானோ வகுப்பு, இன்னொன்றுக்கு இல்லை. கற்றவர்கள் கவனம், வேகம் தொடர்பான சில சோதனைகளில் முன்னேறினார்கள். சிறிய ஆய்வுதான்.

பிறகு ஜெர்மனியின் ஹனோவரிலும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவிலும் இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. 62 முதல் 78 வயது வரையான 132 ஓய்வு பெற்றவர்களைப் பற்றிய அதன் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. ஒரு பாதியினர் பியானோ கற்றார்கள், மறு பாதியினர் இசையைக் கேட்டு ரசிக்கக் கற்றார்கள். ஆறு மாதத்தில் கேட்டதை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் இரு குழுவிலும் கூடியது. ஒலியைக் கையாளும் மூளைப் பகுதி ஒன்று ரசித்த குழுவில் சற்றுச் சுருங்கியது, பியானோ குழுவில் அப்படியே நின்றது. ஆனால் வயதால் வரும் பொதுவான தேய்மானம் யாருக்கும் நின்றுவிடவில்லை. ஆக பியானோ மூளையை இளமையாக்கும் மருந்து அல்ல. 'ஞாபக மறதி வராது' என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

விரலின் கதையும் அதேதான். வேகம் வராது, மூட்டு பிடிக்கும், இரண்டு கையும் தனித்தனியாக ஓட மறுக்கும். பெரிய கலைஞர்களுக்கும் இது உண்டு. ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1976 வரை, 89 வயதிலும் மேடை ஏறியவர். முதுமையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன உத்திகளை உளவியலாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். குறைந்த துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுப்பது, அவற்றை அதிகம் பழகுவது, வேகமான பகுதிக்குச் சற்று முன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் வேகம் வேகமாகத் தெரியும்!

கடைசியாக ஒரு கேள்வி

இத்தனையும் படித்த பிறகு பழமொழியில் ஒரு சிக்கல் எனக்குத் தெரிகிறது. அது விரலைப் பற்றிக் கேட்கிறது. வரலாறு நேரத்தைப் பற்றிக் கேட்கிறது.

நானெர்லுக்கு விரல் இருந்தது, நேரமும் மேடையும் பறிக்கப்பட்டன. 1909-இல் 5 ஷில்லிங் வாங்கிய தாத்தாவுக்கு விரலும் இருந்தது, கூடத்தில் பியானோவும் இருந்திருக்கலாம். இல்லாமல் போனது கவலையற்ற ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைச் சட்டமும் சங்கங்களும் போராட்டங்களும் சேர்ந்து நூறு வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்துக் கொடுத்தன. 'எழுபது வயதில் பியானோ எதற்கு?' என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்காகவோ மதிப்பெண்ணுக்காகவோ மேடைக்காகவோ இல்லாமல் ஒருவர் பியானோ முன் உட்காருவது அதன் வரலாற்றில் அபூர்வமான விஷயம்.

நம் நாட்டில் தமிழக அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 2021-இல் 60 ஆனது. அவர்களுக்கு அதன் பிறகு பல வருடங்கள் இருக்கின்றன, மகன் பள்ளியில் படிக்கும்போது வாங்கிய கீபோர்டு பரண் மேல் இருக்கவும் கூடும். தாராளமாக இறக்கித் துடைக்கலாம். ஆனால் இந்தியாவில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் அமைப்புசாராத் தொழிலாளர்கள். கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவர்களுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. உடம்பு விழும் நாள்தான் அவர்களுக்கு ஓய்வு நாள். அவர்களிலும் பாட்டுக்கு ஏங்கிய காதுகள் எத்தனையோ இருக்கும்.

ஐம்பதில் வளையும், எழுபதிலும் வளையும் நண்பர்களே. உட்கார ஒரு நாற்காலியும் தினம் ஒரு மணி நேரமும் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பதுதான் இன்னும் பதில் இல்லாத கேள்வி.